குருக்கள்மடத்துக்கு எந்தச் சிகிச்சைத் திட்டம்?

மட்டக்களப்பிலிருந்து கல்முனை வீதியில் தெற்கே வரும்போது ஆரையம்பதி, தாழங்குடா, கிரான்குளம் கடந்ததும் குருக்கள்மடம் வரும். கிழக்கே கடல், மேற்கே வாவி. வாவிக்கு அப்பால் படுவான்கரை. ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு அக்கரை அம்பிளாந்துறைக்குப் போகும் மிதவையை இங்குள்ளவர்கள் 'பாதை' என்பார்கள். இக்கரையில் இன்னும் தெற்கே போனால் செட்டிபாளையம், களுதாவளை, பிறகு ஆதார வைத்தியசாலை உள்ள களுவாஞ்சிகுடி. 1978 நவம்பர்ச் சூறாவளி, முப்பதாண்டுப் போர், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை, 2022 பொருளாதார நெருக்கடி என்று அடிமேல் அடி வாங்கிய கரை இது. இங்கே மனம் நொந்து உதவி தேடி வரும் ஒருவருக்கு என்ன செய்யப்போகிறோம், எந்த ஒழுங்கில், யார், எதுவரை என்று எழுதி வைத்துப் பணியாற்ற உளநலப் பணியாளரின் கையில் என்னென்ன துணைகள் இருக்கின்றன? அவற்றில் எவை இந்தக் கரைக்குப் பொருந்தும், எவை பொருந்தா? இக்கட்டுரை இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்கிறது.

முதலில், இந்தப் பணியைச் செய்கிறவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். மேலை நாட்டுக் கைந்நூல்கள் தனி அறையும் ஒரு மணி நேரமும் தன் வசம் உள்ள சிகிச்சையாளரை நினைத்து எழுதப்பட்டவை. நம்மிடமோ பயிற்சி பெற்ற மருத்துவ உளவியலாளர் மிகச் சிலர். வைத்தியசாலையில் உளநல வைத்திய அதிகாரி, தாதியர், சமூகப் பணியாளர். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர். பாடசாலையில் உளவளத்துணை ஆசிரியர். தொண்டு நிறுவனங்களில் உளசமூகப் பணியாளர். இவர்களோடு அருட்தந்தையர், கன்னியர், மௌலவிமார். ஒரே குடும்பம் ஒரே மாதத்தில் இவர்களில் மூவரிடம் போய்வரக்கூடும். மூவரும் மூன்று விதமாக எழுதுவார்கள், அல்லது எழுதாமலே இருப்பார்கள். எழுதப்பட்ட திட்டம் இல்லாதபோது சந்திப்பு ஆறுதல் பேச்சாகவே முடிகிறது. ஆறுதலுக்கு மதிப்பு உண்டுதான். ஆனால் பணியாளருக்கு இடமாற்றம் வந்ததும், புதிதாக வருகிறவர் முதலிலிருந்தே எல்லாவற்றையும் கேட்கத் தொடங்குகிறார். கணவனை இழந்த கதையை நான்காவது தடவையாக நான்காவது ஆளுக்குச் சொல்ல வைப்பது சிகிச்சை ஆகாது.

சிகிச்சைத் திட்டம் என்ற இன்றைய வடிவம் எங்கிருந்து வந்தது? அமெரிக்க மருத்துவர் லாரன்ஸ் வீட் 1968இல் நோயாளர் பதிவேட்டைப் பிரச்சினைகளின் அடிப்படையில் எழுத வேண்டும் என்று வாதிட்டார். நோயாளி சொல்வது, மருத்துவர் காண்பது, மதிப்பீடு, அடுத்துச் செய்யவேண்டியது என்ற நாற்பகுதிக் குறிப்பு அவருடைய வழியில் வந்தது. மருந்துக்கும் அறுவைக்கும் உருவான இந்த முறை பின்னர் உளச்சிகிச்சைக்குள்ளும் நுழைந்தது. அமெரிக்கக் காப்புறுதி நிறுவனங்கள் பணம் தருவதற்கு முன் திட்டத்தைக் காட்டச் சொன்னபோது, ஆர்தர் ஜோங்ஸ்மாவும் மார்க் பீட்டர்சனும் 1995இல் ஆயத்தத் தொகுப்பு நூல் ஒன்றை வெளியிட்டார்கள். பிரச்சினையின் பெயரைத் தேடினால் அதன் அறிகுறிகள், நீண்டகால இலக்கு, குறுகியகால நோக்கங்கள், செய்யவேண்டிய தலையீடுகள் எல்லாம் எழுதிய வாக்கியங்களாகவே கிடைக்கும். எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். பெரியவர், சிறுவர், போதைப்பழக்கம், தம்பதியர் என்று அந்த வரிசை விரிந்தது. இன்று உலகெங்கும் சிகிச்சையாளர்கள் பயன்படுத்தும் படிவங்களிலும் மென்பொருள்களிலும் அதன் சாயல் உண்டு.

அந்த நூல்வரிசையை முற்றாக ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இலக்கை அளக்கக்கூடியதாக எழுது, அதற்கு நாள் குறி, குறித்த நாளில் திரும்பிப் பார் என்ற ஒழுக்கத்தை அது கற்றுத்தருகிறது. புதிதாகப் பணிக்கு வரும் இளைஞருக்கு அது நல்ல பயிற்சி. ஆனால் அதன் பிறப்பில் ஒரு குறை இருக்கிறது. அது காப்புறுதி அலுவலருக்குக் காட்டுவதற்காக எழுதப்பட்ட திட்டம். நோயாளி தன் திட்டத்தைத் தானே வாசிக்க வேண்டும் என்பது அதன் முதல் நோக்கம் அன்று.

ஒரு கற்பனை உதாரணத்தில் வைத்துப் பார்ப்போம். படுவான்கரையிலிருந்து பாதையேறி வரும் ஐம்பத்தெட்டு வயதுத் தாய். கணவன் 1990இல் பிடித்துச் செல்லப்பட்டவர், திரும்பவில்லை. மகன் கட்டாரில். மகளோடு இருக்கிறார், வீடு மகளுக்குச் சீதனமாக எழுதப்பட்டது. மருமகனுக்குக் குடி. கிழமைக் கடன் கட்டவேண்டிய நாளில் கடன்காரர் படலையில் வந்து நிற்பார். "நெஞ்சுக்குள்ள அடைச்ச மாதிரி இரிக்கி தங்கச்சி, நித்திர வாறல்ல, ஒரே யோசன" என்கிறார். ஆயத்தத் தொகுப்பில் தேடினால் அவருக்கு மனச்சோர்வு என்ற தலைப்பு வரும். எதிர்மறை எண்ணங்களை இனங்காணுதல், மகிழ்ச்சி தரும் செயல்களை வாரம் மூன்று தடவை செய்தல் என்ற நோக்கங்கள் வரும். அவற்றில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அந்தத் தாயை நித்திரையில்லாமல் வைத்திருக்கும் மூன்று காரியங்களில் ஒன்றுகூட அந்தத் தாளில் இல்லை.

அவரோடு உட்கார்ந்து எழுதினால் அது வேறு திட்டமாக இருக்கும். கடன் கட்டும் நாளுக்கு முந்தின இரவுதான் நித்திரை மோசம் என்பது அப்போது தெரியவரும். அப்படியானால் கடன் திட்டத்தின் முதல் வரி. அதைப் பற்றிப் பேசவேண்டியவர் பிரதேச செயலக உத்தியோகத்தர். மருமகனின் குடி இரண்டாவது வரி. அவரைத் தனியாகச் சந்திப்பவர் யார், எப்போது என்று எழுத வேண்டும். கணவன் இருக்கிறாரா இல்லையா என்பது மூன்றாவது. இவர் பொட்டு வைக்கிறாரா, திவசம் செய்கிறாரா, உறவினர் அதைப்பற்றி என்ன சொல்கிறார்கள் என்று கேட்காமல் இவருடைய துயரத்தை எழுத முடியாது. இன்னொன்று, இக்கரையில் பெண் திருமணத்தின் பின்னும் தாயின் வளவிலேயே இருப்பது வழக்கம். தாயும் சகோதரிகளும் கூப்பிடு தூரத்தில் இருப்பார்கள். மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே மட்டக்களப்பு, அக்கரைப்பற்றுப் பகுதிகளின் தாய்வழிக் குடிமுறையைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அந்த உறவுவலையைத் திட்டத்தில் பலமாக எழுத வேண்டும். எந்த ஆயத்தத் தொகுப்பும் அதை எழுதித் தராது.

உலக சுகாதார நிறுவனத்தின் துணைநூல்கள் இதைவிட நமக்கு நெருக்கமானவை. உளநலச் சேவை எட்டாத நாடுகளை எண்ணி அந்நிறுவனம் 2008இல் தொடங்கிய செயற்றிட்டத்தின் கீழ் 2010இல் ஒரு தலையீட்டு வழிகாட்டி வந்தது. 2016இல் திருத்திய பதிப்பு. மனநல நிபுணர் அல்லாத வைத்தியரும் தாதியும் மனச்சோர்வு, உளப்பிணி, வலிப்பு, மதுப்பழக்கம், தற்கொலை எண்ணம் முதலியவற்றைக் கண்டறிந்து திட்டமிடப் படிப்படியான வரைபடங்கள் அதில் உள்ளன. போரும் பேரிடரும் நடந்த இடங்களுக்கென்று 2015இல் தனி வழிகாட்டியும் வெளிவந்தது. 2016இல் வெளியான 'பிரச்சினை முகாமைத்துவம் பிளஸ்' இன்னும் பயனுள்ளது. வாரம் ஒன்றாக ஐந்து சந்திப்புகள். மெதுவாக மூச்செடுத்தல், தீர்க்கக்கூடிய பிரச்சினையைத் தெரிந்தெடுத்துத் தீர்த்தல், முடங்கியவர் மீண்டும் செயல்படத் தொடங்குதல், உறவுத் துணையைப் பலப்படுத்துதல் என நான்கு கூறுகள். பட்டம் இல்லாத, பயிற்சி பெற்ற ஊரவர் நடத்தலாம். பாகிஸ்தானின் பெஷாவரில் 346 பேரை வைத்து நடந்த சோதனையில் பதகளிப்பும் மனச்சோர்வும் குறைந்ததாக 2016இல் அறிக்கை வந்தது. கோவாவில் உள்ளூர் ஆலோசகர்கள் நடத்திய சிறு சிகிச்சையும் கடும் மனச்சோர்வில் பலன் தந்ததாக 2017இல் பதிவாகியுள்ளது.

மேலே சொன்ன தாய்க்கு இந்த ஐந்து சந்திப்பு முறையைக் கொடுக்கலாம். கடன் தீர்க்கக்கூடிய பிரச்சினை வரிசையில் வரும். காணாமற்போன கணவன் எந்த வரிசையில் வருவார்? அந்த இடத்தில் கைந்நூல் நின்றுவிடுகிறது. பணியாளர்தான் தொடர வேண்டும்.

நம்முடைய சொந்தச் சேகரத்துக்கு வருவோம். அது சிறியதல்ல. யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் மருத்துவர் எஸ். சிவயோகனும் சாந்திகம் நிறுவனத்தோடு சேர்ந்து 2000இல் வெளியிட்ட, தமிழ்ச் சமுதாயத்தின் உளநலம் பற்றிய கைந்நூல் நம் மண்ணில் எழுந்த பெரிய முயற்சி. அகதிகளின் உளநலம் பற்றிய உலக சுகாதார நிறுவன நூலை அடிப்படையாக வைத்துக்கொண்டு, அதில் நம் குடும்ப அமைப்பையும் நேர்த்தி, சடங்கு, பாரம்பரிய வைத்தியம் ஆகியவற்றையும் சேர்த்து எழுதினார்கள். தனிமனிதனின் மனக்காயத்தோடு நிற்காமல் ஊரே காயப்படுவதை, கூட்டு மனவடுவை, சிகிச்சையாளரின் பார்வைக்குள் கொண்டுவந்தது சோமசுந்தரத்தின் பங்களிப்பு. கிராம சேவகர், ஆசிரியர், பூசகர் எல்லாரும் அவருடைய திட்டத்தில் பணியாளர்கள்.

மட்டக்களப்பின் அனுபவம் வேறு வகை. இங்கே நூலைவிட நடைமுறை முந்தியது. மனநல வைத்திய நிபுணர் மகேசன் கணேசன் ஆழிப்பேரலைக்கு முந்திய ஆண்டுகளிலேயே சேவையை வைத்தியசாலைச் சுவருக்கு வெளியே கொண்டுபோனார். அங்கொடை மனநல வைத்தியசாலைக்கு அனுப்பி அங்கேயே விட்டுவிடுவது என்ற பழைய வழக்கத்துக்கு மாற்று, ஊரிலேயே கிளினிக், ஊரிலேயே தொடர்கவனிப்பு என்று காட்டியவர்களில் அவர் முக்கியமானவர். ஆழிப்பேரலைக்குப் பின் வந்து குவிந்த உதவியை நிலையான சேவையாக மாற்றிய நாடுகளில் இலங்கையையும் ஒன்றாக உலக சுகாதார நிறுவனம் 2013இல் எடுத்துக்காட்டியது. நாட்டின் 27 சுகாதார மாவட்டங்களில் முன்பு 10இல் மட்டும் இருந்த உளநலச் சேவைக் கட்டமைப்பு 20க்கு விரிந்ததாக அந்த அறிக்கை சொல்கிறது. அதற்கு வழிவிட்ட தேசிய உளநலக் கொள்கை 2005இல் ஏற்கப்பட்டது. அந்தப் பேரலை நாட்களில் வெளிநாட்டு ஆலோசகர்கள் பலர் இக்கரைக்கு வந்தார்கள். பலர் சில கிழமைகளில் போய்விட்டார்கள். வந்தவர்களை ஒழுங்குபடுத்தி, ஒரே முகாமுக்கு ஐந்து குழுக்கள் போவதைத் தடுத்து, உள்ளூர்ப் பணியாளரை ஒன்றாக இருத்திய வேலையை 'மாங்குரோவ்' என்ற மட்டக்களப்பு வலையமைப்பு செய்தது. அதற்கு உழைத்தவர்களில் ஒருவரான ஆனந்த கலப்பத்திக்கு 2008இல் மகசேசே விருது கிடைத்தது. அதற்கும் முன்னர், 1996இல், இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகமும் கனடாக் கலைஞர் போல் ஹோகனும் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, தமிழ்ச் சிறுவரையும் முஸ்லிம் சிறுவரையும் ஒரே தோட்டத்தில் விளையாடவும் கதை புனையவும் வைத்தது. அந்தப் பூங்கா எந்தப் படிவமும் நிரப்பாமல் பலரைத் தேற்றியது. இவ்வளவு அனுபவத்தில் எது தாளில் ஏறி, அடுத்த தலைமுறைப் பணியாளருக்குக் கைமாறியது? மிகக் கொஞ்சம். இதுவே என் பெரிய கவலை.

கோயிலும் திட்டத்தில் இடம் கேட்கிறது. அமெரிக்க மானிடவியலாளர் பட்ரிசியா லாரன்ஸ் 1990களில் மட்டக்களப்பில் தங்கி அம்மன் கோயில்களில் வாக்குச் சொல்பவர்களைப் பற்றி ஆய்ந்தார். மகனைப் பிடித்துக்கொண்டு போனார்கள், இருக்கிறானா என்று கேட்டு வரும் தாய்க்கு வாக்குச் சொல்பவரும் பல வேளைகளில் தானே இழப்பைச் சுமந்தவர். முகாமுக்கும் பொலிசுக்கும் போய்க் கேட்க முடியாத கேள்வியைக் கேட்க அந்தக் காலத்தில் கோயில் ஒன்றுதான் இடமாக இருந்தது. வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கும் குளிர்த்தியும் நடக்கும் ஊர்கள் இவை. சடங்குக் காலத்தில் மருந்தை விட்டுவிடுகிறவர் உண்டு. சடங்கில் நின்ற பிறகு பல மாதம் தேறி இருக்கிறவரும் உண்டு. நல்ல திட்டம் இரண்டையும் முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்ளும்: விரத நாட்களில் குளிசையை எத்தனை மணிக்குப் போடலாம், பூசகரோடு யார் பேசுவது. முஸ்லிம் ஊர்களில் நோன்பு மாதத்துக்கும் இதே கேள்வி.

அளவுகோல்கள் பற்றிச் சொல்லாமல் ஆய்வு முழுமையாகாது. திட்டம் பலிக்கிறதா என்று பார்க்க ஒன்பது கேள்வி கொண்ட மனச்சோர்வு வினாக்கொத்து, பிஎச்கியூ-9, 2001இலிருந்து உலகெங்கும் வழங்குகிறது, தமிழிலும் உண்டு. சென்னையில் அதன் பன்னிரண்டு கேள்வி வடிவத்தைச் சோதித்து 2009இல் வெளியிட்டார்கள். சென்னையில் தேறிய கேள்வி படுவான்கரைத் தாய்க்கு அப்படியே விளங்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கேள்வியை வாசித்துக் காட்டும் பணியாளர் ஒவ்வொருவரும் தம் வாயால் அதை மாற்றிச் சொல்கிறார்கள்; அப்போது இரண்டு மாதத்துக்கு முந்திய மதிப்பெண்ணை இன்றைய மதிப்பெண்ணோடு ஒப்பிடுவது பொருளற்றதாகிறது. உளவியலாளர் காயத்ரி பெர்னாண்டோ இன்னொரு வழியில் போனார். இலங்கையர் தம் துன்பத்தைத் தாமே எப்படி விவரிக்கிறார்கள் என்று கேட்டு, அதிலிருந்து ஓர் அளவுகோலை உருவாக்கி 2008இல் வெளியிட்டார். உறவில், ஊரில் தமக்குள்ள கடமையைச் செய்ய முடியாமற்போவது இங்கே நோயின் விளைவாக மட்டும் எண்ணப்படுவதில்லை, நோயின் பகுதியாகவே உணரப்படுகிறது என்பது அவ்வழியில் கிடைத்த பாடம். கோயில் திருவிழாவுக்குப் போகத் தொடங்கிவிட்டாரா, பேரப்பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறாரா என்பதும் முன்னேற்றத்தின் அளவுதான்.

எதற்கு முதலிடம் கொடுப்பது என்பதிலும் எண்கள் உதவும். 2009இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் எடுத்து 2011இல் வெளியான கணக்கெடுப்பில் பதகளிப்பு அறிகுறிகள் 32.6 சதவீதத்தினரிடமும் மனச்சோர்வு 22.2 சதவீதத்தினரிடமும் மனவடுப்பின் நெருக்கீடு 7 சதவீதத்தினரிடமும் காணப்பட்டன. போர் நடந்த இடம் என்றதும் வெளியிலிருந்து வந்த பயிற்சிகளில் பெரும்பகுதி மனவடுச் சிகிச்சை பற்றியதாகவே இருந்தது. பயமும் சோர்வும் கடனும் குடியும் பற்றிய பயிற்சி அதற்குச் சமமாக வந்திருக்க வேண்டும்.

சிறுவர் விடயத்தில் நம் நாட்டிலேயே நடந்த இரண்டு ஆய்வுகளை இங்கே பணிபுரியும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். பேரலைக்குச் சில கிழமைகள் கழித்து வடகிழக்கு முகாம் ஒன்றில் 31 பிள்ளைகளை இரு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குத் தம் வாழ்க்கைக் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்லி, பயங்கரத்தையும் அதில் இடம்கொடுத்துக் கோக்கும் சிகிச்சை. மற்றதற்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள். ஆறு மாதத்தின் பின் முதற்குழுவில் 81 சதவீதத்தினரும் இரண்டாவதில் 71 சதவீதத்தினரும் தேறியிருந்தார்கள். 2009இல் வெளியான இந்த முடிவு சொல்வது, பயங்கரத்தைப் பேசவைத்தே ஆகவேண்டும் என்பதில்லை, பேச விரும்பாத பிள்ளைக்கும் வழி உண்டு என்பதே. எண்ணிக்கை சிறியது, ஆனாலும் திட்டத்தில் இரு வழிகளையும் வைத்துக் குடும்பத்தைக் கேட்டுத் தெரிவுசெய்ய இது போதும்.

இரண்டாவது ஆய்வு கவலைக்குரியது. வட இலங்கையில் 399 பாடசாலைப் பிள்ளைகளோடு, வகுப்பறையில் பதினைந்து அமர்வுகள் நடத்தும் முறையைச் சோதித்து 2012இல் வெளியிட்டார்கள். ஆண்பிள்ளைகளுக்குச் சில அறிகுறிகளில் பலன் கிடைத்தது. பெண்பிள்ளைகளுக்கோ மனவடு அறிகுறிகளில் எதிர்ப்பக்கமாகப் போனது. அமர்வுகளில் இருந்தவர்களைவிட இல்லாத பெண்பிள்ளைகள் கூடுதலாகத் தேறினார்கள். நல்லெண்ணத்தோடு, பயிற்சியோடு, ஒழுங்கோடு செய்த காரியமும் சிலருக்குத் தீங்காகலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆகவே திட்டத்தில் 'எப்போது நிறுத்துவது' என்று ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும். வகுப்பறையில் எல்லாரும் பார்க்கப் பேச வைக்கும் எதையும், வீட்டில் அந்தப் பெண்பிள்ளை என்ன சூழலில் இருக்கிறாள் என்று அறிந்த பிறகே தொடங்க வேண்டும். தாய் வெளிநாட்டில் வேலைக்குப் போய், பாட்டியோடோ சிற்றன்னையோடோ வளரும் பிள்ளைகள் நிறைந்த இந்தக் கரைக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

காணாமற்போனோர் குடும்பங்கள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1990 ஜூலையில் இந்தக் குருக்கள்மடத்தில்தான், காத்தான்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்த முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் மறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஹஜ் கடமையை முடித்துவந்தவர்களும் இருந்தார்கள். உடல்கள் உறவினரிடம் கையளிக்கப்படவில்லை. புதைகுழியைத் தோண்ட வேண்டும் என்ற அவர்களுடைய கோரிக்கை களுவாஞ்சிகுடி நீதிமன்றம் வரை சென்றது. அதே ஆண்டு செப்டம்பரில் சத்துருக்கொண்டானில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். வாவியின் அக்கரையில் 1987இலும் 1991இலும் கொக்கட்டிச்சோலைப் படுகொலைகள் நடந்தன. ஒரே வாவியைச் சுற்றி, இரு சமூகத்துத் தாய்மாரும் ஒரே கேள்வியோடு முதுமையடைகிறார்கள். இப்படிப்பட்ட இழப்பைப் பற்றி அமெரிக்கக் குடும்பச் சிகிச்சையாளர் போலின் பாஸ் நீண்டகாலமாக எழுதிவந்திருக்கிறார். உடல் இல்லாத, உறுதி இல்லாத இழப்பில் துக்கத்தை முடித்துவைப்பதை இலக்காக எழுதக் கூடாது என்பது அவருடைய அடிப்படைக் கருத்து. அவர் இருக்கிறார், இல்லை என்ற இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொண்டு வாழப் பழகுவதே இலக்கு. 'இழப்பை ஏற்றுக்கொள்ளல்' என்று ஆயத்தத் தொகுப்பிலிருந்து ஒரு வரியை எடுத்து இந்தத் தாய்மாரின் தாளில் எழுதுவது, இறந்துவிட்டார் என்று சான்றிதழ் வாங்கச் சொல்லி வற்புறுத்துவதற்கு ஒப்பாகும். 2016ஆம் ஆண்டின் சட்டத்தால் காணாமற்போனோர் அலுவலகம் அமைந்தது. அலுவலகத்துக்கோ நீதிமன்றத்துக்கோ போகவேண்டிய நாளும், புதைகுழி தோண்டும் நாளும் நெருங்கும்போது பழைய துயரம் எழும். அந்த நாட்களைத் திட்டத்தில் முன்கூட்டியே குறித்து, அன்று யார் கூடப்போவது என்று தீர்மானிப்பது நம் வேலை.

தற்கொலைத் தடுப்பு பற்றி, திட்டத்தின் மிக முக்கியமான பக்கமாக, எழுத வேண்டும். இலங்கையில் 1995இல் இலட்சத்துக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். கொடிய பூச்சிகொல்லிகளை அரசு படிப்படியாகத் தடைசெய்ததால் 2005க்குள் அது ஏறத்தாழப் பாதியானது. தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக வைத்திருந்த சட்டப்பிரிவும் 1998இல் நீக்கப்பட்டது. ஆனால் மட்டக்களப்பில் இந்தத் துயரம் இன்னும் ஓயவில்லை. அமெரிக்க உளவியலாளர்கள் பார்பரா ஸ்டான்லியும் கிரெகரி பிரவுனும் உருவாக்கிய பாதுகாப்புத் திட்டம் ஒரே தாளில் அடங்கும்: எச்சரிக்கை அறிகுறிகள், தானே செய்யக்கூடியவை, போய் இருக்கக்கூடிய இடம், அழைக்கக்கூடிய ஆள், அழைக்கக்கூடிய சேவை, ஆபத்தான பொருளை அகற்றுவது. அதை நிரப்பும் பணியாளர் இலங்கை ஆய்வொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். 180 கிராமங்களில் வீடுகளுக்குப் பூட்டுப்பெட்டி கொடுத்துப் பூச்சிகொல்லியைப் பூட்டிவைக்கச் சொன்ன பெரிய சோதனை 2017இல் முடிவைச் சொன்னது: பயன் தெரியவில்லை. ஆகவே 'பூட்டி வைக்கவும்' என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. பொருளை வீட்டை விட்டே அகற்றுவது யார், எங்கே கொண்டுபோவது என்று பெயர் குறித்து எழுத வேண்டும். அந்தத் தாளில் தேசிய மனநல நிறுவகத்தின் 24 மணிநேர இலவசத் தொலைபேசி எண் 1926 இருக்க வேண்டும். இதை வாசிக்கும் எவருக்கும் அந்த நெருக்கடி இருந்தால் இப்போதே அழைக்கலாம்.

இனி நடைமுறைத் தடைகள். நம் வைத்தியசாலைகளில் நோயாளி கையில் கொண்டுதிரியும் கிளினிக் கொப்பிதான் உண்மையான திட்ட ஏடு. அதை வீட்டில் எல்லாரும் புரட்டுவார்கள். பாதையில் பக்கத்தில் நிற்பவரும் பார்ப்பார். பெண்ணொருத்தி கணவனின் அடியைப் பற்றிச் சொன்னதை அந்தக் கொப்பியில் எழுதினால் அவளுக்கு ஆபத்து. ஆகவே இரண்டு ஏடு வேண்டும்: அவர் கையில் இருக்கும் தாளில் இலக்கும் மருந்தும் அடுத்த நாளும், பணியிடத்துப் பூட்டில் மற்றவை. எது எங்கே என்று அவரையே கேட்டுத் தீர்மானிக்க வேண்டும். 1873ஆம் ஆண்டின் மனநோய்க் கட்டளைச் சட்டத்தின் கீழ் இயங்கும் நாட்டில் இந்த அந்தரங்கத்துக்குச் சட்டக் காவல் பலமாக இல்லை; பணியாளரின் ஒழுக்கமே காவல். அடுத்தது போக்குவரத்து. பாதை ஓடாத மழைநாளில், வாவி பெருகும் மார்கழியில், மாதாந்த ஊசிக்கு வரவேண்டியவர் வரமாட்டார். 2022இல் மருந்தும் எரிபொருளும் இல்லாமற்போனபோது மாற்றுவழி எழுதப்படாத திட்டங்கள் எல்லாம் அறுந்தன. மாரிகாலத்துக்கும் மருந்துத் தட்டுப்பாட்டுக்கும் என்ன செய்வது என்ற இரண்டு வரிகள் இக்கரைத் திட்டத்தில் கட்டாயம் வேண்டும். பணியாளருக்கு மேற்பார்வை வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். தனியாக முப்பது துயரங்களைச் சுமக்கிற ஒருவரால் எந்தப் படிவத்தையும் நேர்மையாக நிரப்ப முடியாது.

எல்லாவற்றையும் பார்த்தபின் என் முடிவு இது: உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டியை முதுகெலும்பாகவும், சாந்திகம் கைந்நூலைச் சமூக அறிவாகவும், மட்டக்களப்பின் கிளினிக் அனுபவத்தை நடைமுறையாகவும் எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்க ஆயத்தத் தொகுப்புகளைப் பயிற்சி வகுப்பில் காட்டலாம். கிளினிக் மேசையில் வேண்டாம். இவற்றை இணைக்கும் தமிழ்த் திட்டக் கொப்பி ஒன்று, கிழக்கின் பேச்சுத் தமிழில் கேள்விகளோடு, நோயாளியே வாசிக்கக்கூடியதாக, வைத்தியசாலையும் பிரதேச செயலகமும் பாடசாலையும் ஒரே வடிவில் பயன்படுத்தக்கூடியதாக வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகமும் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையும் காத்தான்குடியிலும் படுவான்கரையிலும் வேலை செய்யும் உளசமூகப் பணியாளரும், அவர்களோடு சிகிச்சை பெற்றுத் தேறியவர்களும் ஒன்றாக உட்கார்ந்தால் இதை எழுதிவிடலாம். ஆறு மாதம் ஒரு கிளினிக்கில் வைத்துப் பார்த்து, பிழைதிருத்தி, இலவசமாக அச்சிட்டுக் கொடுக்கலாம். அந்த வேலையைத் தொடங்கும்படி இவர்கள் எல்லாரையும் கேட்டுக்கொள்கிறேன். முதற் கூட்டத்துக்குக் களுவாஞ்சிகுடி வசதியான இடம். இரு கரையிலிருந்தும் ஒரே காலையில் வந்து சேரலாம்.